உன் முதுகெலும்பில் இருந்த பட்டாணி

அருளு,

உன் முதல் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சாப்பாடு பரவாயில்லை, வெயில் நம்ம ஊர் வெயிலைவிட மோசம், ரூமில் ஆறு பேர், அதில் ஒருத்தன் குறட்டை விட்டுக் கொல்கிறான் என்று எழுதியிருந்தாய். உங்கம்மாவுக்கு நாலு தடவை வாசித்துக் காட்டினேன். குறட்டை வரும் இடத்தில் நாலு தடவையும் சிரித்தாள். உடனே பதில் எழுதச் சொன்னாள். உட்கார்ந்தால், இங்கே எல்லாரும் சுகம் என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நீ துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் நம் வீட்டில் பிரியாணி போட்டோமே, அன்றைக்கு உன் தோஸ்துகளில் ஒருவன் மெடிக்கல் டெஸ்ட்டில் முதுகுத் தழும்பைப் பற்றிக் கேட்டார்களா என்று உன்னைக் கேட்டான். நீ எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாய்: "எங்க நைனா மட்டும் இல்லன்னா நான் கூனனா இந்த மூலையில குந்திக்கினு இருப்பேன். டாக்டர் டாக்டரா தூக்கினு ஓடி என்னைக் காப்பாத்தினதே அதான்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். நீ சொன்னது பாதிதான் நிஜம். என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யால் நீ ஏழு மாதம் மாவுக்கட்டுக்குள் கிடந்தாய். அதை நேரில் சொல்ல எட்டு வருஷமாகத் துணிச்சல் வரவில்லை. இப்போது நடுவில் ஒரு கடல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

அப்போது உனக்குப் பதினைந்து வயது. துறைமுகத்தில் வடக்குக் கோடியில் எனக்கு கிரேன் கொடுத்திருந்தார்கள். மேலே அறையில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கப்பல், இன்னொரு பக்கம் மதில் சுவருக்கு அப்பால் ரோடு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நீங்களெல்லாம் கும்பலாகப் போவது தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது, நடைதான் தெரியும். அந்தக் கும்பலில் ஒரு நடை மட்டும் இடது தோளை இறக்கிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அது நீதான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் அந்த நாளில் நம்ம பேட்டையில் கொஞ்சம் மீசை முளைத்தவனெல்லாம் அப்படித்தான் நடப்பான். ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்தால் நாலு பேர் பயப்படுவார்கள் என்று நினைப்பு. என் மகனும் ரவுடிகளோடு சேர்ந்து அந்த நடையைக் கற்றுக்கொண்டுவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அப்பனுக்கு வேறு என்ன தோன்றும்? வேறு ஊராக இருந்தால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "இன்னாடா, ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நடக்கற? பேட்டைக்கு நீதான் பெரிய இவனா?" நீ சொன்னாய், "நேரா நின்னா வலிக்குது நைனா." நேராக நின்றால் வலிக்கிறதாம், இதுவரைக்கும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று உங்கம்மாவிடம் கிண்டல் பண்ணினேன். தினமும் அரை மணி நேரம் உன்னைச் சுவரோடு நிற்கவைத்தேன். குதிகாலும் தோளும் சுவரில் பட வேண்டும். உன் முகம் வேர்த்துக் கொட்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாய். முறைக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். கிரேனில் மூட்டை கோணலாகத் தொங்கினால் நான் மூட்டையைத் திட்ட மாட்டேன். கயிறு எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து, கீழே இறக்கி, சரிபண்ணச் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னிருந்து இதே வேலை பார்த்தவன், சொந்தப் பிள்ளை கோணலாக நிற்கும்போது மட்டும் அந்த அறிவைத் துறைமுக வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்தது அந்த மாத்திரை. உனக்கு வலி பகலில் பரவாயில்லை, படுத்தால்தான் உயிரை எடுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் ஜுரத்துக்குப் போட்ட மாத்திரையில் முதுகு வலி காணாமல் போனதை நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய். முனைக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கி, தினம் படுக்கும் முன் ஒன்று போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாய். ஒரு நாள் துவைக்கப் போட்ட உன் நிஜாரின் பையில் காகிதத்தில் மடித்த பன்னிரண்டு மாத்திரை கிடைத்தது. அப்போது பசங்க ஏதோ மாத்திரையைச் சோடாவில் போட்டுக் குடித்துவிட்டு போதையில் கிடக்கிறார்கள் என்று பேட்டை முழுக்க ஒரே பேச்சு. நடை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம், இரண்டையும் நானே கூட்டிக் கணக்கு முடித்துவிட்டேன். என்ன மாத்திரை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெல்ட்டைத்தான் எடுத்தேன். மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினேன். "இனிமே இந்த வூட்ல மாத்திரைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா உன்ன தீத்துடுவேன்" என்றேன். நீ அழக்கூட இல்லை. ஒரு மாசத்தில் உன் சாய்வு இன்னும் அதிகமானது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ராத்திரியெல்லாம் நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து உங்கம்மா மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். கடைசியில் அவள்தான், "புள்ளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறியா, நான் போவட்டுமா?" என்று சத்தம் போட்டாள். அதற்கப்புறம்தான் கிளம்பினேன். தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று நீ பெருமையாகச் சொன்ன ஓட்டம் அப்படி ஆரம்பித்ததுதான்.

அந்த முதல் ஆஸ்பத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். டாக்டர் வயசானவர், பொறுமைசாலி. உன்னைக் குனியச் சொன்னார், முடியவில்லை. முதுகில் ஒவ்வொரு எலும்பாகத் தட்டிப் பார்த்தார், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் துள்ளிவிட்டாய். எப்போது வலி அதிகம் என்றார். ராத்திரி என்றாய். என்னிடம் திரும்பி, "ஏதாவது மாத்திரை சாப்பிடறானா? சாப்பிட்டா குறையுதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கேட்க வேண்டியதை அந்த மனிதர் சரியாகக் கேட்டார், இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். அவர் பக்கத்தில் நின்று சீட்டு எழுதிக்கொண்டிருந்த கம்பவுண்டரை உனக்கும் தெரியும். உங்க அக்கா ஸ்டெல்லாவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பா. கோயிலில் நமக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். என் மகன் மாத்திரை போடுகிறான் என்று அவர் காதில் விழுந்தால், சாயங்காலமே அது போதை மாத்திரையாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். "அதெல்லாம் இல்ல சார், மாத்திரையக் கையால தொடமாட்டான்" என்றேன். அதுதான் அந்தப் பொய். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்ன பொய்யும் பொய்தான்.

இந்தப் பக்கமெல்லாம் எலும்பில் டிபி வருவது சகஜம். சின்னப் பையன், முதுகு வலி, ராத்திரி வலி, முதுகு கோணல், படத்தில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. டாக்டர் டிபியாக இருக்கலாம் என்றார். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு, தினம் ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை, ஆனால் அந்தக் கையில் நீ கண்டுபிடித்த மாத்திரை மட்டும் இல்லை. சித்திரை வெயிலில் அந்தக் கட்டுக்குள் நீ கிடந்தாய். உள்ளே அரிக்கும், சொறிய முடியாது. உங்கம்மா பின்னல் ஊசியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தேய்ப்பாள். பரீட்சை போயிற்று, கூடப் படித்தவனெல்லாம் அடுத்த வகுப்புக்குப் போனான். வேலை முடிந்து வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்காருவேன். "இன்னிக்கு எத்தினி கப்பல் நைனா?" என்று கேட்பாய். வலியைப் பற்றிப் பேசவே மாட்டாய். பேசினால் நான் மறுபடியும் சந்தேகப்படுவேன் என்று பயந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது.

ஏழாம் மாதம் அந்த டாக்டரே, "இது டிபி மாதிரி நடந்துக்கல. ஜுரம் இல்ல, ரத்தம் நல்லா இருக்கு, ஆனா வலி மட்டும் ஏறுது" என்று சொல்லி, எலும்பு டாக்டர் ஒருத்தருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். எலும்பு டாக்டர் ஒல்லியாக, பேச்சே காதில் விழாதபடி பேசுவார். கட்டை அறுத்து எடுக்கச் சொன்னார். உள்ளேயிருந்து நீ வெளியே வந்தபோது உன் தோல் நாறியது, விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அவர் மூக்கைச் சுளிக்காமல் உன் முதுகில் கையை வைத்து, முதல் டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "எதைச் சாப்பிட்டா வலி குறையுது தம்பி?" நீ என்னைப் பார்த்தாய். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, அறையில் தெரிந்தவர் யாருமில்லை. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "தலைவலி மாத்திரை போட்டுக்கினு இருந்தான் சார், நான்தான் அடிச்சு நிறுத்திட்டேன்" என்றேன். அந்த டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஆஸ்பிரினா? எவ்வளவு நேரத்துல குறையும்?" "அரை மணி நேரம் சார். அப்புறம் நல்லா தூங்கிடுவேன்" என்றாய். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். மூன்று ராத்திரிக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று ராத்திரியும் நீ தூங்கினாய். பக்கத்தில் உட்கார்ந்து நீ மூச்சு விடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாத்திரைக்காக உன்னை அடித்தேனோ, அதே மாத்திரையைத் தண்ணீரோடு நானே கையில் கொடுத்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான், அருளு. உன்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, கோணத்தை மாற்றி மாற்றிப் படம் எடுத்தார்கள். விளக்குப் பெட்டியில் அந்தப் படத்தை மாட்டி என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். முதுகெலும்பு ஒன்றின் பின்பக்கத்தில், இடது பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. "பட்டாணி அளவு இருக்கும். இது புத்துநோய் இல்ல, டிபி இல்ல. எலும்புக்குள்ள முளைச்ச ஒரு சின்னக் கட்டி, உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா இது விடற வலி பெரிசு. அந்த வலி தாங்காம பக்கத்துத் தசையெல்லாம் இறுகி முதுகை இந்தப் பக்கம் இழுக்குது. பையன் சாஞ்சு நடக்கல, அவன் முதுகு அவனை இழுத்துக்கினு போகுது" என்றார். முதுகெலும்பில் இது வருவது அபூர்வம், என் சர்வீஸிலேயே நாலைந்துதான் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னார். டன் டன்னாக இரும்பைத் தூக்கி வைக்கிறவன் நான். ஒரு பட்டாணி ஒரு முழு ஆளையே வளைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதைவிட ஆச்சரியம், கத்தி படுவதற்கு முன்னாலேயே, ஒரு கேள்வியும் மூன்று ராத்திரித் தூக்கமும் வைத்து அந்த மனுஷர் அது எலும்புக்குள் உட்கார்ந்திருப்பதைப் பிடித்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று உங்கம்மா கோயிலில் முழங்காலில் இருந்தாள், நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். நரம்புக்கு ரொம்பப் பக்கம், கால் வராமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "கால் ரெண்டையும் ஆட்டறான்" என்றார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலைக் காட்டினார். உள்ளே எலும்புத் துண்டு, அதன் நடுவில் சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி ஒன்று. இவ்வளவுதானா என்று கேட்டேன், இவ்வளவுதான் என்றார். மறுநாள் காலையில் நீ கண் திறந்து சொன்னாயே, "நைனா, தையல் போட்ட எடம் வலிக்குது. ஆனா அந்த வலி இல்ல." அப்போது நான் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஐந்தாறு மாதத்தில் உன் முதுகு தானாகவே நிமிர்ந்தது. யாரும் கட்டவில்லை, யாரும் சுவரோடு நிற்கவைக்கவில்லை. கிரேனிலிருந்து ஒரு நாள் பார்த்தேன், கும்பலில் எது உன் நடை என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆண்டவருக்கு நான் அதிகம் நன்றி சொல்கிறவன் இல்லை, அன்றைக்குச் சொன்னேன்.

ஆனால் இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று எலும்பு டாக்டர், "முதல்லயே இந்த மாத்திரை விஷயம் யாராவது கேட்டிருந்தா ஏழு மாசம் மிஞ்சியிருக்கும். கேட்கலையா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்த மௌனத்தை அவர் 'கேட்கவில்லை' என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அப்புறம் தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், முதல் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, நான்தான் விடாமல் அலைந்து நல்ல டாக்டரைப் பிடித்தேன் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ பிரியாணிப் பந்தியில் சொன்னதெல்லாம் நான் கிளப்பிவிட்ட கதைதான். அந்த வயசான டாக்டர் இப்போது இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, உன்னிடம் கேட்கிறேன்.

உனக்கு ஒரே ஒரு புத்திமதிதான் சொல்ல முடியும். அங்கே உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டர் முன்னால் மானம் பார்க்காதே. குடித்திருந்தால் குடித்தேன் என்று சொல், பயந்திருந்தால் பயந்தேன் என்று சொல். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. நாளைக்கு உனக்கே ஒரு பிள்ளை பிறந்து, நேராக நின்றால் வலிக்கிறது என்று சொன்னால், அது சொல்வதை நம்பு. நம்பிவிட்டுப் பிறகு விசாரி.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு எழுதினேன், அதையும் எழுதாவிட்டால் இதுவும் பழைய கதை மாதிரிதான் ஆகும். அந்த முதல் டாக்டர் என் பதிலோடு நிற்கவில்லை. உன் பக்கம் திரும்பி, "நிஜமா தம்பி? எதுவுமே சாப்பிடலையா?" என்று கேட்டார். நீ கம்பவுண்டரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். சட்டையில்லாமல், வலியில் ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, "இல்ல சார்" என்றாய். என் பொய்யைக் காப்பாற்ற நீயும் ஒரு பொய் சொன்னாய். எலும்பு டாக்டர் விஷயத்தை விளக்கியபோது நீ அங்கேயே படுத்திருந்தாய். நீ புத்திசாலி, உனக்குப் புரியாமல் இருந்திருக்காது. அப்படியும் எட்டு வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகிற சமயத்தில் ஊரைக் கூட்டி, நைனாதான் காப்பாற்றினார் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். படத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தபோது மலைத்துப் போனேன் என்றேனே, உன்னை நினைத்தால் அதைவிட மலைப்பாக இருக்கிறது.

இதுவரை நேற்று எழுதியது. உறையில் போடும் முன் உங்கம்மாவுக்கும் தெரிய வேண்டும் என்று இன்று சாயங்காலம் முழுசாக வாசித்துக் காட்டினேன். எழுந்து போய்விடுவாள், அழுவாள், இல்லை என்னைப் பிடித்து நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "ஆபரேசன் முடிஞ்சி கட்டில்ல கெடந்தப்பவே என்னாண்ட சொல்ட்டான். நைனாவாண்ட ஒண்ணும் கேக்காதம்மா, அது தாங்காதுன்னு சொன்னான்." பதினைந்து வயசில், முதுகில் தையலோடு படுத்துக்கொண்டு, நீ என்னைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். நான் இத்தனை வருஷம் உங்கம்மாவிடமாவது ஒளித்துவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாருக்கும்தான் தெரிந்திருக்கிறதே, அப்புறம் இந்தக் கடிதம் எதற்கு, கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போஸ்ட்டு பண்ணு. எட்டு வருசமா தூக்கினு கீறான். அவனும் எறக்கி வெக்கட்டும்" என்றாள்.

காலை ஷிப்டுக்குப் போகும்போது போடுகிறேன்.

நைனா